கிளறிற்றா அக்காவின் பத்து இறாத்தல்

கிளறிற்றா அக்காவை நான் முதன்முதலில் கடற்கரைக்குக் கொண்டுபோனது அன்பினால் அல்ல. என் மகளின் நடன நிகழ்ச்சிக்காக அவர் என்னுடைய ஒரு ஷிப்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதற்கு நன்றி சொல்லப் போன இடத்தில், "உங்களுக்கும் ஏதும் உதவி வேணுமெண்டாக் கேளுங்கோ அக்கா" என்று சொல்லிவைத்தேன். மரியாதைக்குச் சொல்வதுதான். எங்கள் ஆட்கள் யாரும் அதை நிஜமென்று எடுத்துக்கொள்வதில்லை. இவர் எடுத்துக்கொண்டார். "சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு ஏலுமோ?" என்று கேட்டார்.

அது ஆறு வருடத்துக்கு முந்தைய பேச்சு. அன்றிலிருந்து பெப்ரவரி மாதம் தொடங்கி ஒக்ரோபர் முடியும் வரை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என் காருக்கு எசெக்ஸ் கரை என்று விதித்தாயிற்று. எந்த ஊர்க் கரை என்று எழுதமாட்டேன். எழுதினால் அக்கா என்னோடு கதைக்கமாட்டார். சொந்தத் தங்கைக்கே இடத்தைச் சொல்லாத ஆள் அவர்.

நாங்கள் இருவரும் லண்டன் எட்மண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறோம். அவர் தலைமைச் சமையல்காரி, வயது ஐம்பத்து நாலு. நான் அவருக்குக் கீழே, உருளைக்கிழங்குக்கும் கோபத்துக்கும் பொறுப்பு. அவருடைய கணவர் அருள்நேசன் அண்ணை பஸ் ஓட்டுகிறார். வாரம் முழுக்க ஸ்ரேறிங் பிடிக்கிற மனிதனைச் சனிக்கிழமையும் பிடிக்கச் சொன்னால் அடுத்த ஞாயிறு பூசைக்குக்கூட எழும்பமாட்டார் என்று அக்கா சொல்வார். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே துசியந்தி என்கிற நான்.

அக்காவுக்குச் சொந்த ஊர் மன்னார். இதைக் கேட்டதும் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். மன்னார்க்காரி மீன் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பது என்று கேட்பார்கள். அதைக் கேட்டால் அவருக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். அவருடைய தகப்பனார் தையல்காரர். லண்டனுக்கு வரும் வரைக்கும் அக்கா தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. கோயில் பங்கிலிருந்து கோடை காலத்தில் சௌத்எண்ட் கடற்கரைக்கு பஸ் பிடித்துப் போன ஒரு நாளில், எல்லோரும் புளிச்சாதப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒரு வெள்ளைக்காரர் தூண்டில் வீசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். நூலின் நுனியில் புழுவும் இல்லை, இறாலும் இல்லை. இறப்பரில் செய்த ஒரு சின்ன மீன். "மீனுக்கும் பொய் சொல்லலாம் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்" என்று என்னிடம் சொன்னார். அடுத்த வாரமே நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்தார்.

அவர் தேடிப் போகும் மீனுக்குப் பெயர் பாஸ். எங்கள் கடைகளில் அதைக் காட்டி கொடுவா என்று விற்பார்கள். அக்காவிடம் கொடுவா என்று வாய் திறந்தால் பத்து நிமிடப் பாடம் கேட்க வேண்டும். கொடுவா வேறு, இது வேறு, இது குளிர்த் தண்ணீர் மீன், மெதுவாக வளரும். பத்து இறாத்தல், அதாவது நாலரைக் கிலோ, வர இருபது வருடம்கூட ஆகலாம். நாற்பத்திரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது சட்டம். மாசியிலும் பங்குனியிலும் எவ்வளவு பெரிது பட்டாலும் விட வேண்டும். சரியாகத் தவக்காலத்தில், இறைச்சியை விட்டுப் பங்கே மீன் தேடும் நாளில், இவர் கையில் வந்த மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து மரக்கறி சமைப்பார். அதைக் கண்டு அருள்நேசன் அண்ணை விட்ட பெருமூச்சு எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

அவர் மீன் பிடிக்கும் முறையை நான் காருக்குள் இருந்துதான் கற்றுக்கொண்டேன். ஹீட்டரைப் போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். கடல் நன்றாக வற்றி, திரும்பப் பெருகத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் அக்கா கல் மேட்டுக்குப் போவார். பெருக்குத் தண்ணீர் சேற்றின் மேல் ஏறும்போது நண்டும் சின்ன மீனும் வெளியே வரும், அவற்றைத் தேடிக்கொண்டு பாஸ் முழங்கால் அளவு தண்ணீருக்குள்ளேயே வந்துவிடும். ஆட்கள் தூரத் தூர வீசுவார்கள். அக்கா பக்கத்தில் வீசுவார். "மீன் காலடியிலை நிக்குது, இவங்கள் பிரான்சுக்கு வீசுறாங்கள்" என்பார். நெஞ்சு வரை வரும் இறப்பர்க் காற்சட்டையோடு தண்ணீருக்குள் நடப்பதானால், கால் வைக்கும் சத்தம் தனக்கே கேட்கக்கூடாது என்பார். மெலிந்த பின்னல் நூலில் அவர் போடும் முடிச்சை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு சுற்று, எச்சில், ஒரு இழுவை. இதுவரை அவிழ்ந்ததில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவர் ஆழத்தை எண்ணும் விதம். பொய்மீன் தண்ணீரில் விழுந்ததும் அது தாழ்வதற்கு நேரம் விட வேண்டும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். அக்கா மாதாவுக்கான அருள்நிறை மந்திரம் சொல்வார். அரை மந்திரத்துக்கு ஒரு ஆழம், முழு மந்திரத்துக்கு ஒரு ஆழம். கல் அதிகமான இடத்தில் முதல் வரியோடு நிறுத்திவிட்டுச் சுழற்றத் தொடங்குவார். "பாதியிலை விட்டா மாதா கோவிக்கமாட்டாவோ?" என்று நான் கேட்டேன். "மிச்சத்தை இழுக்கேக்கை சொல்லுறன்" என்றார். ஒரு காலை முழுவதும் வீசினால் எப்படியும் மூன்று செபமாலை முடிந்துவிடும். சைவக்காரியான எனக்கும் அந்த மந்திரம் இப்போது பாடம்.

அந்தக் கரைக்கு ஒரு தூண்டில் சங்கம் இருக்கிறது. அறுபது, எழுபது பேர், அநேகமாக ஓய்வு பெற்ற ஆண்கள். கடலணைக்குப் பக்கத்தில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடைதான் அவர்கள் கூடும் இடம். கடைக்காரர் கோல்மன் பழைய லொறிச் சாரதி, சங்கத்தின் நிறுவைக்காரரும் அவரே. பத்து இறாத்தலுக்கு மேல் பாஸ் பிடித்தவருக்கு அந்தச் சங்கம் ஒரு சின்ன வெள்ளி நிறப் பட்டி கொடுக்கும், சட்டையில் பட்ஜ் போலக் குத்துவதற்கு. தகரம்தான். நாற்பது வருடம் வீசியும் அது கிடைக்காதவர்கள் அங்கே உண்டு. அக்காவின் ஆகப் பெரியது எட்டரை இறாத்தல்.

அவருக்கு அந்தப் பட்டி வேண்டும். அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. நகை, புடவை, வீட்டுக்குப் புதுக் கதிரை, ஒன்றும் இல்லை. இதற்கு மட்டும் ஆசைப்பட்டார். "ஒரு தகரத்துக்கு ஏன் அக்கா இவ்வளவு பாடு?" என்று ஒருநாள் கேட்டேன். "அதைக் குத்திக்கொண்டு அந்தக் கடைக்குள்ளை ஒருக்காப் போக வேணும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கடைக்குள் நான் போனதே இல்லை, எனக்கு ஹீட்டர் போதும்.

போன வருடம் நிலைமை மாறியது. பதினேழு வருடம் பெரிய பெரிய சட்டிகளைத் தூக்கிய வலது தோள் கிழிந்துபோயிருந்தது. நவம்பரில் ஒப்பரேஷன் என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு தோளுக்கு மேல் கை தூக்கி எறிவது சந்தேகம்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்கா அந்தக் கடிதத்தைப் படித்து மடித்து ஏப்ரனுக்குள் வைத்துவிட்டு, "அப்ப எங்களுக்கு இன்னும் ஆறு சனிக்கிழமை இருக்கு" என்றார். எங்களுக்கு என்று சொன்னதை நான் கவனித்தேன்.

நாலு சனி வெறுங்கையாகப் போனது. ஐந்தாவது, செப்டெம்பர் கடைசி. ஆச்சரியமான வெயில். காருக்குள் வேர்த்தது. தேத்தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக நான் அந்தக் கல் மேடு வரைக்கும் பத்து நிமிடம் நடந்தேன். போகும் வழியெல்லாம் சேற்றைத் திட்டினேன். அக்கா திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். வீசினார். அவருடைய வாய் அசைவது தெரிந்தது. பாதி மந்திரத்தில் நின்றது.

தடி வளைந்த வளைவைப் பார்த்து நான் போத்தலைக் கீழே போட்டுவிட்டேன். மீன் வெளிக்கடல் பக்கமாக ஓடியது. அக்கா அதை மறிக்கவில்லை, நூலை ஓட விட்டார். ஓடி நின்றதும் கொஞ்ச நூலைச் சுற்றி எடுத்தார், திரும்ப ஓடியது, திரும்ப விட்டார். தோள் வலியில் முகம் வெளிறி, தடியை இடது கைக்கு மாற்றி, அடிக்கட்டையை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார். நான் கரையில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. முருகா என்றும் மாதாவே என்றும் மாறி மாறிக் கத்தியதாக அக்கா பிறகு சொன்னார். கால் மணி நேரம் கழித்து, அலை ஏறும் நேரம் பார்த்து, அந்த அலையோடேயே மீனைச் சரளைக் கல்லில் வழுக்கி ஏற்றினார். வெள்ளி மீன். என் கையை நீட்டினால் என்ன நீளமோ அதைவிட நீளம்.

பையிலிருந்த சின்னக் கைத்தராசில் கொளுவித் தூக்கினார். பத்து இறாத்தல் ஐந்து அவுன்ஸ். நானும் பார்த்தேன். அவர் உடனே மகிழவில்லை. மீனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியதுகளை அவர் எப்போதும் விட்டுவிடுவார். இதை விட்டால் பட்டி இல்லை, ஏனென்றால் சங்கத்தில் இன்னும் பழைய சட்டம்தான். கடைத் தராசில், முழு மீனாக வைத்து நிறுக்க வேண்டும். இதை எனக்கும் முன்பே சொன்னதாக அக்கா சொல்கிறார். சொல்லியிருப்பார். அவர் சட்டம் கதைக்கத் தொடங்கினால் நான் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

"இதுக்கு இருபது வயசிருக்கும், துசி. என்ரை கடைக்குட்டியின்ரை வயசு" என்றார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, சின்னக் கட்டையால் அதன் தலையில் ஒரே அடி அடித்தார். இந்த ஒரு மீனை மட்டும்தான் தன் ஆசைக்காகக் கொன்றதாக இன்றைக்கும் சொல்வார்.

மீனை ஈரச் சாக்கில் சுற்றி என்னிடம் தந்தார். "நீ இதைக் கொண்டு காருக்குப் போ. நான் தடியளை எடுத்துக்கொண்டு, கோல்மனுக்குப் போன் பண்ணிப்போட்டு வாறன். மீன் பழுதாகாமல் பாத்துக்கொள்" என்றார்.

பழுதாகாமல். அவர் நினைத்தது, செதில் உதிராமல், செட்டை முறியாமல், அடிபடாமல் என்பது. நான் கேட்டது வேறு. எனக்கு மீன் பழுதாவதென்றால் நாறுவது. வெயிலோ கொளுத்துகிறது. காரில் ஐஸ் இல்லை. வெயிலில் மீன் பழுதாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் தெரியாது? டூட்டிங்கில் என்றாலும் எட்மண்டனில் என்றாலும், எங்கள் மீன்கடையில் நிறுத்த கையோடு கேட்கும் கேள்வி "வெட்டவோ?" என்பதுதான். நிறுத்தால் அடுத்தது வெட்டு. நிறுத்ததை என் கண்ணால் பார்த்துவிட்டேன். கோல்மனுக்குப் போன் எடுப்பது பெருமை அடிக்கத்தான் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்து வருடம் நான் அங்கே ஒரு சாரதி மட்டும்தான். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது, அதுவும் எனக்கு நன்றாக வரும் வேலை. காரின் பின்கதவைத் திறந்து, அக்காவின் கத்தியை எடுத்து, செதிலை ஒன்றும் மிச்சமில்லாமல் உரித்தேன். செவுளைக் கிள்ளி எடுத்தேன். வயிற்றைக் கீறிக் குடலைக் கடற்பறவைகளுக்கு எறிந்தேன். காரில் கிடந்த போத்தல் தண்ணீரால் மூன்று தரம் கழுவினேன். கறிக்கா பொரியலுக்கா என்று யோசித்துக்கொண்டு கத்தியை ஓங்கும்போது அக்கா வந்து நின்றார்.

அவர் கையிலிருந்த தடிகள் கீழே விழவில்லை. மெதுவாகத்தான் சாத்தி வைத்தார். மீனைப் பார்த்தார். பறவைகளைப் பார்த்தார். "முழுசா நிறுக்க வேணும், துசி" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கத்தியைக் கீழே வைத்தேன். ஏதாவது ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசித் தப்பியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவர் ஏசவில்லை. மீனைத் திரும்பச் சாக்கில் சுற்றினார். "கோல்மன் ஆக்களைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறார். போகாமல் இருந்தா நான் பொய் சொன்னனெண்டு நினைப்பினம். வா."

கடைக்குள் பதினைந்து பேர் நின்றார்கள். கோல்மன் தராசைத் துடைத்து வைத்திருந்தார். தகரப் பட்டி ஒரு சின்னப் பெட்டியில், மூடி திறந்தபடி, தராசுக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா சாக்கை அவிழ்த்தார். யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். கோல்மன் மட்டும் சிரிக்காமல் மீனைத் தூக்கித் தராசில் வைத்தார். ஒன்பது இறாத்தல் ஆறு அவுன்ஸ். முழுதாக இருந்திருந்தால் பத்தைத் தாண்டியிருக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கோல்மன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யார் இதைச் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அக்காவின் குதி என் காலில் ஏறி நின்றது.

"ஐ டிட்" என்றார் அக்கா. "மை மிஸ்டேக்."

கடை முழுவதும் சிரித்தது. சொந்தச் சாதனையைத் தானே வெட்டிக் குடல் எடுத்த பெண்மணி என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கறிச் சட்டி காத்திருந்ததோ என்று ஒருவர் கேட்டார். அக்கா நேராக நின்று, எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். கோல்மன் புத்தகத்தில் ஒன்பது, ஆறு என்று எழுதினார். பெட்டியின் மூடியை மூடினார். இப்போது பங்கிலும் இந்தக் கதைதான் உலாவுகிறது, அருள்நேசன் அண்ணையே சொல்லிச் சிரிக்கிறார். அக்கா ஒருவரையும் திருத்தியதில்லை. ஆகவேதான் நான் எழுதுகிறேன்: வெட்டியது நான்.

காரை ஏ-12 பெருவீதியில் ஏற்றினேன். பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. கோபம் யார் மேல் என்று தெரியாமல் அவர் மேலேயே பாய்ந்தேன்.

"ஏன் அக்கா பொய் சொன்னனீங்கள்? ஒரு பூசை விடாத ஆள் நீங்கள்."

"சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லிப்போடுவன்."

"விளையாடாதேங்கோ. நான் செய்தது எண்டு சொல்லியிருந்தா உங்களைப் பாத்து ஒருத்தரும் சிரிச்சிருக்கமாட்டினம். உங்களுக்கு அந்தப் பட்டியைக்கூடத் தந்திருப்பினம்."

அக்கா வலது தோளை இடது கையால் பிடித்தபடி முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்கள்" என்றார். "என்னைப் பாத்து அவங்கள் அஞ்சு வருசமாச் சிரிக்கிறாங்கள், துசி. நான் தடியோடை உள்ளை போற ஒவ்வொரு நாளும். எனக்குப் பழக்கம். உனக்கு ஏலாது."

ஐந்து வருடம். அவர் அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்து காரில் ஏறும்போதெல்லாம் நான் ஹீட்டர் போட்டு வைத்திருந்தேன், பாட்டுப் போட்டு வைத்திருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. எனக்கு வீதி தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர்.

"அழுறதெண்டா ஓரமா நிப்பாட்டிப்போட்டு அழு" என்றார் கிளறிற்றா அக்கா. "பின்னாலை லொறி வருகுது."

நிற்பாட்டினேன்.